ஜெயித்த பிறகு என்ன செய்வது?

சண்டை முடிந்துவிட்டது. தோற்றவனின் பலத்தைக் காட்டும் பச்சைக் கோடு திரையின் உச்சியில் முழுக்கக் காலி. ஆனாலும் அவன் விழவில்லை. கைகள் தொங்க, தலை கிறுகிறுக்க, நின்ற இடத்திலேயே தள்ளாடுகிறான். கனத்த குரல் ஒன்று கட்டளை போடுகிறது: ‘ஃபினிஷ் ஹிம்!’ அதாவது, அவனை முடித்துவிடு. ஜெயித்தவனுக்கு இனி ஜெயிக்க எதுவும் பாக்கியில்லை. அவன் கையில் இருப்பவை ஐந்து பட்டன்கள், சில விநாடிகள், ஒரு கேள்வி. தோற்றுப்போனவனை என்ன செய்வது?

1992ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிறந்த மார்ட்டல் காம்பாட் என்ற வீடியோ கேம், உலகத்துக்குக் கொடுத்த புதிய விஷயம் இந்தச் சில விநாடிகள்தான். குத்தும் உதையும் அதற்கு முன்பே இருந்தன. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1991ல் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் இரண்டாம் பாகம் அமெரிக்க விளையாட்டுக் கூடங்களில் சில்லறைக் காசுகளை வாரிக் குவித்துக்கொண்டிருந்தது. அதில் தோற்றவன் தரையில் விழுவான், அத்தோடு சரி. சிகாகோக்காரர்கள் அவனை விழவிடாமல் நிறுத்திவைத்தார்கள். அமெரிக்காவின் செனட், சுப்ரீம் கோர்ட், ஆஸ்திரேலியாவின் தணிக்கைத் துறை என்று பல பெரிய இடங்களைப் பின்னாளில் பேசவைத்த வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

ஆரம்பித்தவர்கள் நான்கே பேர். புரோகிராம் எழுதியவர் எட் பூன். பாத்திரங்களையும் கதையையும் உருவாக்கியவர் ஜான் டோபயஸ். பின்னணிக் காட்சிகளுக்கு ஜான் வோகல், ஒலிக்கு டான் ஃபோர்டன். பத்து மாதம்போல் நடந்த வேலை. மிட்வே நிறுவனத்தின் முதல் எண்ணமே வேறு. அப்போது பிரபலமாகிக்கொண்டிருந்த சண்டை நடிகர் ழான் க்ளோட் வான் டாமை வைத்து ஒரு விளையாட்டு தயாரிப்பது. பேரம் படியவில்லை. வராத நடிகரை விளையாட்டுக்குள் கேலியாக நுழைத்தார்கள். ஜானி கேஜ் என்ற அலட்டல் சினிமா நட்சத்திரம் அப்படி வந்தவன்தான். ஆங்கிலத்தில் வான் டாமுக்கும் அவனுக்கும் பெயரின் முதலெழுத்துகள் ஒன்றே. 1988ல் வந்த ‘பிளட்ஸ்போர்ட்’ படத்தில் வான் டாம் கால்களை அகல விரித்து உட்கார்ந்து எதிராளியின் அடிமடியில் குத்துவாரே, அதே குத்து ஜானி கேஜுக்கும் உண்டு.

மற்றவர்களும் ஏறக்குறைய இப்படித்தான் வந்தார்கள். டோபயஸ் ஹாங்காங் சண்டைப் படங்களிலும் சீனப் புராணங்களிலும் ஊறியவர். ரகசியத் தீவு ஒன்றில் நடக்கும் போட்டிக்கு உலகெங்கிலுமிருந்து வீரர்கள் வருகிறார்கள் என்ற கதையமைப்பு 1973ல் வந்த புரூஸ் லீயின் ‘என்டர் த டிராகன்’ பார்த்தவர்களுக்குப் பழக்கமானது. லியு காங் என்ற ஷாவ்லின் துறவி புரூஸ் லீயின் நிழல். மூங்கில் தொப்பியோடு மின்னலை வீசும் ரெய்டன் ஜப்பானிய இடி தேவனின் பெயரைச் சுமப்பவன். தோற்றவர்களின் ஆன்மாவை உறிஞ்சி இளமையைக் காப்பாற்றிக்கொள்ளும் கிழட்டு மந்திரவாதி ஷாங் சுங். ஒற்றைக் கண்ணில் உலோகத் தகடு பொருத்திய கூலிக் கொலைகாரன் கேனோ. அவனைத் துரத்தி வரும் ராணுவ அதிகாரி சோன்யா பிளேட். முதல் பாகத்தின் ஏழு வீரர்களில் ஒரே பெண் இவள்தான். மிச்சம் இரண்டு பேர் முகமூடி அணிந்த சப்-ஜீரோவும் ஸ்கார்ப்பியனும். பெயரில் ஒரு எழுத்துக் கோளாறு வேறு. ஆங்கிலத்தில் ‘சி’யில் தொடங்கவேண்டிய காம்பாட் இங்கே ‘கே’யில் தொடங்குகிறது. தலைப்பு கிடைக்காமல் திண்டாடிய நாட்களில் யாரோ பலகையில் கிறுக்கிவைத்த எழுத்து அப்படியே நிலைத்துவிட்டது.

பாத்திரங்கள் கையால் வரையப்பட்டவை அல்ல. நிஜமான சண்டைக் கலைஞர்களை வீடியோ கேமரா முன் நிறுத்தி, குத்து, உதை, தாவல், விழுதல் என ஒவ்வொன்றையும் படம்பிடித்து, அந்தப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஒன்றொன்றாக வெட்டி ஒட்டினார்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டரின் பொம்மைகளுக்கு நடுவே இவர்கள் ரத்தமும் சதையுமாகத் தெரிந்ததற்கு அதுவே காரணம். நான்கு கைகொண்ட அரக்கன் கோரோவுக்கு மட்டும் ஆள் கிடைப்பது எப்படி? அவனைக் களிமண்ணில் சிறு சிலையாகச் செய்து, அங்குலம் அங்குலமாக அசைத்துப் படமெடுத்தார்கள்.

சிக்கனம் எப்படிக் கற்பனைக்கு வழிவிடும் என்பதற்கு முகமூடி வீரர்கள் நல்ல உதாரணம். அந்தக் கால இயந்திரத்தின் நினைவகம் ரொம்பச் சிறியது. ஒரே ஆளை ஒரே உடையில் படமெடுத்து, கம்ப்யூட்டரில் உடைக்கு மஞ்சள் வண்ணம் கொடுத்தால் ஸ்கார்ப்பியன். நீலம் கொடுத்தால் சப்-ஜீரோ. பச்சை கொடுத்தால் ஒளிந்திருக்கும் மூன்றாம் வீரன் ரெப்டைல். மூன்றுக்குள்ளும் இருந்தவர் டேனியல் பெசினா என்ற ஒரே கலைஞர். ஜானி கேஜாக நடித்தவரும் அவரே. ஒரே உருவம் இரண்டு பேருக்கு இருந்தால் அதற்கு ஒரு காரணம் வேண்டுமே? டோபயஸ் காரணத்தைப் பகையில் கண்டுபிடித்தார். ஒரே மாதிரி உடுத்தும் இரண்டு கொலைக் குழுக்கள், பரம்பரை விரோதம், சப்-ஜீரோ கொன்ற ஸ்கார்ப்பியன் பழிவாங்க நரகத்திலிருந்து திரும்பி வருகிறான். மிச்சம்பிடிக்கப் போட்ட வண்ணம், தொடரின் மையக் கதையாகிவிட்டது. கயிற்றில் கட்டிய ஈட்டியை எதிராளியின் நெஞ்சில் பாய்ச்சி ‘இங்கே வாடா’ என்று ஸ்கார்ப்பியன் இழுக்கும்போது கேட்கும் கர்ஜனை, புரோகிராம் எழுதிய எட் பூனின் சொந்தக் குரல்.

சரி, அந்தக் கடைசிக் கட்டளை எங்கிருந்து வந்தது? சண்டை விளையாட்டுகளில் தொடர்ந்து அடிவாங்குகிறவன் சில விநாடிகள் மயங்கி நிற்பான். அப்போது எதிராளி இலவசமாக ஓர் அடி கொடுக்கலாம். அடிக்கிறவனுக்கு அது கொண்டாட்டம்; நடுச் சண்டையில் செயலிழந்து நிற்பவனுக்கு மகா எரிச்சல். மயக்கத்தை எடுத்துவிடவும் மனசில்லை, வைத்திருக்கவும் வழியில்லை. எனவே அதைச் சண்டையின் கடைசிக்குத் தள்ளினார்கள். தோற்ற பிறகு மயங்கினால் யாருக்கு என்ன நஷ்டம்? அந்த இலவச அடி கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து கொலையானது. அதற்கு ‘ஃபேட்டாலிட்டி’ என்று பெயர் வந்தது.

சப்-ஜீரோ எதிராளியின் தலையை முதுகெலும்போடு பிடுங்கி உயர்த்திக் காட்டுகிறான். கேனோ துடிக்கும் இதயத்தைக் கையோடு எடுக்கிறான். ஸ்கார்ப்பியன் முகமூடியைக் கழற்றினால் உள்ளே மண்டையோடு. அதன் வாயிலிருந்து தீ. சோன்யா ஒரு முத்தத்தைக் காற்றில் அனுப்ப, அது நெருப்பாகப் போய்ச் சேர்கிறது. லியு காங் மட்டும் விதிவிலக்கு. முதல் பாகத்தில் அவனுடைய முடிவு ஒரு குட்டிக்கரணமும் ஒரு குத்தும் மட்டுமே. மற்றவர்கள் கொல்லும்போது இருளும் திரை அவனுக்கு இருள்வதில்லை. துறவி கொலை செய்யமாட்டான் என்பது கணக்கு.

இவற்றை எப்படிச் செய்வது என்று இயந்திரத்தின் எந்த மூலையிலும் எழுதியிருக்கவில்லை. வியாபார சூட்சுமம் இங்கேதான் இருந்தது. ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு ரகசிய வரிசை. அதைச் செய்யக் குறிப்பிட்ட தூரம். ஸ்கார்ப்பியன் என்றால் கொஞ்சம் தள்ளி நின்று, தடுக்கும் பட்டனை அழுத்தியபடி கைப்பிடியை இரண்டு முறை மேலே தள்ளவேண்டும். தெரிந்தவன் செய்துகாட்டுவான், தெரியாதவர்கள் சுற்றி நின்று அவன் விரல்களைப் பார்ப்பார்கள். பார்த்ததைத் தாளில் குறித்துக்கொண்டு அடுத்த காசைப் போடுவார்கள். வித்தை குருவிடமிருந்து சீடனுக்குப் போவதுபோல ஊர் ஊராகப் பரவியது. அரைகுறையாகக் கேட்டது வதந்தியானது. இயந்திரத்தின் கணக்குப் பக்கத்தில் ‘எர்மாக்ஸ்’ என்று ஒரு வார்த்தை இருந்தது. புரோகிராமில் ஏற்படும் பிழைகளை எண்ணுவதற்காகப் பூன் வைத்த சுருக்கெழுத்து அது. ரசிகர்கள் அதைச் சிவப்பு உடை அணிந்த ரகசிய வீரன் எர்மாக் என்று நம்பினார்கள். அவனைப் பார்த்ததாகச் சத்தியம்கூடச் செய்தார்கள். 1995ல் தயாரிப்பாளர்கள் சரணடைந்து எர்மாக் என்ற சிவப்பு வீரனை நிஜமாகவே சேர்த்தார்கள். வதந்திக்கு உடம்பு கிடைத்தது. இரண்டாம் பாகத்தில் கரிய நிழலாக ஒளிந்திருந்த நூப் சாய்பாட் என்ற பெயரும் பெரிய மர்மமாகப் பேசப்பட்டது. ஆங்கிலத்தில் அதைத் தலைகீழாகப் படித்தால் டோபயஸ், பூன்.

களங்களும் வெறும் திரைச்சீலைகள் அல்ல. முதல் பாகத்தில் ‘பிட்’ என்ற இடம் உண்டு. நிலா வெளிச்சத்தில் பள்ளத்தாக்கின் மேல் ஒரு குறுகிய கல் பாலம். கடைசி அடியாகத் தாடையில் ஒரு குத்துவிட்டால் எதிராளி பாலத்திலிருந்து பறந்து கீழே நட்டிருக்கும் ஈட்டிகளில் விழுவான். அங்கே அவனுக்கு முன்பே விழுந்தவர்களும் கிடக்கிறார்கள். களமே கொலைகாரனாக மாறிய முதல் இடம் இதுதான். இதே பாலத்தில்தான் ரெப்டைலும் ஒளிந்திருந்தான். நிலாவைக் கடந்து நிழலுருவங்கள் பறக்கும் சமயமாகப் பார்த்து, ஒரு அடியும் வாங்காமல், தடுக்கும் பட்டனையே தொடாமல், இரண்டு சுற்றும் ஜெயித்து, ஃபேட்டாலிட்டியும் செய்தால் மட்டுமே தரிசனம். 1993ல் வந்த இரண்டாம் பாகத்தில் அமிலக் குளம், கூரையில் ஈட்டிகள் தொங்கும் கல்லறை, முகமும் வாயும்கொண்ட மரங்கள் உறுமும் காடு என்று கற்பனை விரிந்தது. 1995ன் மூன்றாம் பாகம் கோயில், கோட்டைகளை விட்டுவிட்டு அமெரிக்க நகரத்துக்கு வந்தது. பாதாள ரயில் நிலையத்தில் நடக்கும் சண்டையில் தோற்றவன் ஓடும் ரயிலின் முன் போய் விழுகிறான். இன்னொரு களமான மயானத்தின் கல்லறைக் கற்களில் பொறித்திருப்பவை விளையாட்டைத் தயாரித்தவர்களின் பெயர்கள்!

விளையாட்டுக் கூடத்தில் இருந்தவரை பெரியவர்கள் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1993 செப்டம்பர் 13, திங்கட்கிழமை, அது வீட்டுக்குள் நுழைந்தது. டிவியில் மாட்டி விளையாடும் நின்டெண்டோ, செகா கருவிகள் இரண்டுக்கும் ஒரே நாளில் கேசட் வெளியானது. குடும்பப் பெயரைக் காப்பாற்ற விரும்பிய நின்டெண்டோ சிவப்பு ரத்தத்தைச் சாம்பல் நிற வியர்வையாக மாற்றச் செய்தது, கொலைகளையும் மட்டுப்படுத்தியது. செகாவின் கேசட்டிலும் மேலோட்டமாகப் பார்த்தால் ரத்தம் கிடையாது. ஆனால் ஏ, பி, ஏ, சி, ஏ, பி, பி என்று வரிசையாக அழுத்தினால் அத்தனையும் திரும்பி வந்தது. அந்த ‘ரகசிய’ வரிசை தெரியாத பையனே அமெரிக்காவில் இல்லை. விற்பனையில் செகா முந்தியது. மறு ஆண்டு இரண்டாம் பாகம் வந்தபோது நின்டெண்டோவும் ரத்தத்தைச் சிவப்பாகவே விட்டுவிட்டது. அட்டையில் ஓர் எச்சரிக்கை மட்டும் போட்டது. நல்லொழுக்கத்துக்கு மார்க்கெட் போட்ட மார்க்கு அவ்வளவுதான்.

அதே ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி செனட்டர்கள் ஜோசப் லீபர்மனும் ஹெர்ப் கோலும் வாஷிங்டனில் விசாரணை நடத்தினார்கள். லீபர்மனின் உதவியாளர் ஒருவருடைய மகன் இந்த விளையாட்டைக் கேட்டு அடம்பிடித்ததில் தொடங்கிய விவகாரம். சபையில் டிவி பெட்டி வைத்து ஃபேட்டாலிட்டி காட்சிகள் போட்டுக்காட்டப்பட்டன. நின்டெண்டோவின் பிரதிநிதி செகாவைச் சாடினார். செகாவின் பிரதிநிதி பதிலுக்கு நின்டெண்டோவைச் சாடினார். சட்டம் வந்துவிடும் என்ற பயத்தில் 1994ல் இந்தத் தொழிலே முன்வந்து தனக்கென ஒரு தரவாரியம் அமைத்துக்கொண்டது. அமெரிக்க வீடியோ கேம் பெட்டிகளின் மூலையில் இருக்கும் வயது முத்திரை அப்படி வந்தது. பதினேழு வயதுக்கு மேல் என்ற பொருள்கொண்ட ‘எம்’ முத்திரை மார்ட்டல் காம்பாட்டின் நெற்றியில் இன்றும் இருக்கிறது.

எதிர்ப்புக்குத் தயாரிப்பாளர்கள் சொன்ன பதில் கிண்டல் கலந்தது. இரண்டாம் பாகத்தில் கொலைக்குப் பதில் எதிராளிக்குப் பரிசு கொடுக்கலாம். நட்பு என்று திரையில் எழுத்து வரும். அவனைக் கைக்குழந்தையாக மாற்றி அழவிடலாம். திரையின் மூலையில் ஒலி நிபுணர் ஃபோர்டனின் முகம் திடீரென்று எட்டிப்பார்த்துக் கீச்சுக் குரலில் ‘டோஸ்ட்டி’ என்று கத்தும். மூன்றாம் பாகத்தில் ‘கருணை’ என்றே ஒரு வழி சேர்த்தார்கள். கடைசிச் சுற்றில் தோற்றவனுக்கு ஜெயித்தவன் கொஞ்சம் உயிரைத் திருப்பிக் கொடுத்து எழவைக்கலாம், சண்டை தொடரும். நல்ல விஷயம் என்று தோன்றும். ஆனால் அதே பாகத்தில், வீரன் மிருகமாக மாறி எதிராளியைக் கடித்துக் குதறும் முடிவும் உண்டு. அதைச் செய்ய ஒரு நிபந்தனை: முதலில் கருணை காட்டியிருக்கவேண்டும். கருணையைக் கொலைக்கு நுழைவுச் சீட்டாக்கியதில் அந்தத் தயாரிப்பாளர்களின் மனப்போக்கு முழுவதும் அடங்கிவிடுகிறது.

இது சிறுவர்களைக் கெடுக்கும் என்ற வாதம் கடைசியில் சுப்ரீம் கோர்ட் வரை போனது. வன்முறை வீடியோ கேம்களைச் சிறுவர்களுக்கு விற்கக் கூடாது என்று கலிபோர்னியா மாநிலம் 2005ல் சட்டம் போட்டது. கையெழுத்துப் போட்ட கவர்னர், திரையில் எண்ணற்ற பேரைச் சுட்டுத் தள்ளிய அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர். 2011 ஜூனில் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அந்தச் சட்டத்தை சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஆன்டனின் ஸ்காலியா பழமைவாதி. கிரிம் சகோதரர்களின் கதைகளில் குழந்தைகள் சூனியக்காரியை அடுப்பில் தள்ளுவதையும், ஹோமரின் காவியத்தில் ஒற்றைக்கண் அரக்கனின் கண் குருடாக்கப்படுவதையும் நினைவூட்டினார். தாந்தேயைப் படிப்பது மார்ட்டல் காம்பாட் ஆடுவதைவிட உயர்ந்த காரியம்தான், ஆனால் அந்த உயர்வு தாழ்வைப் பார்த்து அரசியல் சட்டம் பாதுகாப்பு வழங்குவதில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். எட்டு ஆண்டுகள் கழித்து, 2019ல், மார்ட்டல் காம்பாட்டின் பதினோராம் பாகத்தில் டெர்மினேட்டர் ஒரு வீரனாகச் சேர்ந்தான். அவனுக்கு ஸ்வார்ஸ்நெகரின் முகம்!

தமிழ் படித்தவர்களுக்கும் ஸ்காலியா சொன்னது அந்நியமாகத் தெரியாது. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பசித்த பேய்கள் போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டே கூழ் சமைத்துப் பரிமாறிக் கூத்தாடுகின்றன. கோரம் ஒரு எல்லையைத் தாண்டினால் நகைச்சுவையாகிவிடும் என்பது பரணி பாடியவர்களுக்கு ஏறக்குறைய தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். அதே மரபில்தான் ஆயுதமிழந்து நின்ற ராவணனைக் கொல்லாமல் திருப்பி அனுப்பிய கம்பனின் ராமனும் இருக்கிறான். போர்க்கதைகள் எங்கேயும் இரண்டையும் சேர்த்தே சொல்லிவந்திருக்கின்றன. ஒரு வித்தியாசம் உண்டு. பரணியைக் கேட்கிறவன் கேட்கிறான். இங்கே செய்கிறவன் ஆட்டக்காரன். வழக்கில் தோற்ற தரப்பின் வாதம் இந்த வித்தியாசத்தில்தான் நின்றது. ஸ்காலியாவோ, கதைக்குள் வாசகனை இழுப்பது எல்லா நல்ல இலக்கியமும் செய்யும் வேலையே என்று அதையும் ஒதுக்கினார்.

சிறுவர்களைப் பற்றிய இந்தப் பெரிய சர்ச்சையில் வேறு சிலரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேமரா முன் குத்தி, உதைத்து, விழுந்து காட்டியவர்கள். விளையாட்டுக் கூடத்துக்கு மட்டுமே சம்மதித்தோம், வீட்டுக் கேசட்டுகளில் எங்கள் உருவத்தை விற்றதற்குப் பங்கு வேண்டும் என்று டேனியல் பெசினா வழக்குப் போட்டார். 1996ல் சிகாகோவின் ஃபெடரல் கோர்ட் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கம்ப்யூட்டரில் மாற்றப்பட்ட உருவத்தைப் பார்த்து இது இன்னார் என்று பொதுஜனம் அடையாளம் காணவில்லை என்பது முக்கியக் காரணம். முகமூடி போட்டு நடித்தவருக்கு இதைவிடக் கசப்பான தீர்ப்பு இருக்கமுடியாது. மறு ஆண்டு, சோன்யாவாக நடித்த எலிசபெத் மலெக்கியும் இரண்டாம் பாகத்தின் இளவரசி கிட்டானாவாக நடித்த கேட்டலின் ஜமியாரும் இன்னொரு நடிகரும் தொடுத்த வழக்கும் அதே கதியடைந்தது. அந்த வீரர்கள் எத்தனை கோடி முறை செத்தாலும் செத்தவர்களுக்கு அதில் பங்கில்லை.

காலம் மாறியபோது காயம் இடம் மாறியது. மிட்வே 2009 பிப்ரவரியில் திவாலானது. அதே கோடையில் வார்னர் பிரதர்ஸ் ஏறக்குறைய 3.3 கோடி டாலருக்கு அதன் பெரும்பகுதியை வாங்கியது. பூனின் குழு நெதர்ரெல்ம் என்ற பெயரில் மறுபிறவி எடுத்தது. டோபயஸ் அதற்குப் பத்தாண்டு முன்பே விலகிவிட்டார். 2011ல் வந்த புதிய மார்ட்டல் காம்பாட்டில் எலும்பு முறிவதை எக்ஸ்-ரே படம்போல உடம்புக்குள்ளேயே பார்க்கலாம். ஆஸ்திரேலியாவின் தணிக்கைத் துறை அதற்கு அனுமதி மறுத்தது. அந்நாட்டில் வீடியோ கேம்களுக்கு வயது வந்தோருக்கான பிரிவே அப்போது கிடையாது. 2013ல் அந்தப் பிரிவு வந்த பிறகே அது சட்டபூர்வமாக விற்பனைக்குப் போனது. 1992ன் ரத்தம் சிவப்புப் புள்ளிகளாகத் தெறித்தது. இப்போதைய கம்ப்யூட்டர்கள் தசை நாரைக்கூடத் தனித்தனியாகக் காட்டுகின்றன. தசை நார் எப்படிக் கிழியும் என்று தெரிய, யாரோ ஒருவர் நிஜமான படங்களைப் பார்த்தாகவேண்டும். பதினோராம் பாகத்தில் பணியாற்றிய ஒருவர், பெயரை வெளியிடாமல், 2019ல் பத்திரிகையாளரிடம் சொன்னார்: கொலைக் காட்சிகளையும் கசாப்புக் காட்சிகளையும் நாள்தோறும் பார்த்துப் பார்த்துத் தூக்கத்தில் கோரக் கனவுகள் வந்தன; மனநல சிகிச்சையாளரிடம் போனபோது, போர் கண்டவர்களுக்கு வரும் மன அதிர்ச்சி நோய் என்று கண்டறியப்பட்டது. ஆட்டக்காரனை இந்த விளையாட்டு என்ன செய்யும் என்று முப்பதாண்டுகளாக நிபுணர்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். செய்பவனை என்ன செய்யும் என்பதற்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது.

இதற்கு நடுவே கதை மட்டும் தன் பாட்டுக்கு வளர்ந்தது. அதில் யோசிக்கவேண்டிய விஷயமும் இருந்தது. முதல் பாகத்தின் முடிவில் ஸ்கார்ப்பியன் பழி தீர்த்துவிடுகிறான். ஆனால் இரண்டாம் பாகத்தில் மறுபடி ஒரு சப்-ஜீரோ வந்து நிற்கிறான். கொல்லத் தயாராகும் ஸ்கார்ப்பியன், அவன் தோற்றுப்போன எதிராளி ஒருவனைக் கொல்லாமல் விடுவதைக் காண்கிறான். இவன் அவனல்ல, அவனுடைய தம்பி என்று புரிகிறது. பகையை விட்டு, அவனுக்கே காவலனாகிறான். ‘முடித்துவிடு’ என்ற கட்டளையால் பேர்வாங்கிய விளையாட்டு, தன் மிகப் பெரிய பகை தீர்ந்ததற்குச் சொல்லும் காரணம், ஒருவன் அந்தக் கட்டளையைக் கேட்கவில்லை என்பதுதான். பிற்பாடு, அவனுடைய குடும்பத்தை அழித்தவன் வேறொருவன், க்வான் ச்சி என்ற மந்திரவாதி என்றும் தெரியவருகிறது. முதல் பழிக்கு அடிப்படையே தப்பு.

2023ல் வந்த பாகம் கதையை அடியோடு திருப்பிப் போட்டது. தெய்வமாகிவிட்ட லியு காங் உலகத்தையே புதிதாகப் படைக்கிறான். பழைய பகைகள் இல்லாத உலகம். அங்கே ஸ்கார்ப்பியனும் சப்-ஜீரோவும் அண்ணன் தம்பி. ஆனாலும் சண்டை வருகிறது. வராவிட்டால் விற்பதற்கு விளையாட்டு ஏது? 1991ல் வராத வான் டாமும் அந்த ஆண்டு வந்து சேர்ந்தார். தன்னைக் கேலி செய்யப் பிறந்த ஜானி கேஜுக்குத் தன் முகத்தையும் குரலையும் கொடுத்தார். பெசினா கேட்டுக் கிடைக்காதது, அதாவது தன் முகத்துக்கு உரிமையாளன் தானே என்ற அந்தஸ்து, நட்சத்திரத்துக்குத் தாராளமாகக் கிடைத்தது.

பிள்ளை கையில் மார்ட்டல் காம்பாட்டைப் பார்த்துவிட்டுத் திகைக்கும் பெற்றோர் பெட்டியின் மூலையில் உள்ள எழுத்தைப் படிப்பது நல்லது. செல்போனில் வந்தால் அந்த எழுத்தும் இன்னும் பொடியாகிவிடும் என்பதால் தேடிப் படிக்கவேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து ஓர் ஆட்டம் பார்ப்பது அதைவிட நல்லது. பார்த்தால் ஒன்று தெரியும். ‘முடித்துவிடு’ என்று குரல் கொடுத்த பிறகு எந்தப் பட்டனையும் அழுத்தாமல் சும்மா இருக்கலாம். விளையாட்டு அதைத் தடுப்பதில்லை, தண்டிப்பதும் இல்லை. சில விநாடிகள் போனால் தோற்றவன் தானாகவே சரிந்து விழுவான். வெற்றி வெற்றிதான், கணக்கில் ஒரு பைசா குறையாது. இத்தனை ஆண்டுகளில் ரகசிய வரிசைகளை மனப்பாடம் செய்த கோடிக்கணக்கானவர்களில் எத்தனை பேருக்கு இந்த வரிசை நினைவிருக்கும்? அதில் அழுத்துவதற்கு ஒரு பட்டன்கூட இல்லை.